கேப் போட்ட பல்லின் சத்தம்

பல்லுக்குக் கேப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் நீலத் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லும்போது கூச்சப்படக் கூடாது. கேப் துளி உயரமாக இருந்தாலும் அங்கேயே சொல்லிவிட வேண்டும், தேய்த்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் வாயை மூடும்போதெல்லாம் அந்தப் பல்தான் முதலில் இடிக்கும். நாளாக ஆக வலியும் வரும்.

என் கணவர் சொல்லாமல் எழுந்து வந்தவர். இட்லியை மென்றாலும் டக், பேசி முடித்தாலும் டக். சேலையூர் வீட்டு ஹாலில் அவர் பேப்பர் படிப்பது சமையலறையில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

“ஏங்க, போய் அதைத் தேய்ச்சுட்டு வாங்களேன். உயிரை வாங்குது.”

“பழகிடும், விடு.”

அவர் மாரடைப்பில் போன பிறகுதான், எனக்கும் அது பழகியிருந்தது தெரிந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

எரித்த மறுநாள் சுடுகாட்டில் சாம்பல் வாங்கிக்கொண்டு, மாற்றுத் துணி எடுக்க வந்த மகன் வாசலிலேயே நின்றான்.

“எலும்போட அப்பா கேப்பும் கிடந்துச்சும்மா. சித்தப்பா அதையும் கலசத்துல போடச் சொல்லிட்டார்.”

கலசத்தை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். அது வெளியே காரில் இருந்தது. கேப்பை மட்டும் எடுத்துக் கொடுடா என்று கேட்க வாய் வரை வந்தது. சுற்றிலும் உறவுக்காரர்கள். பெசன்ட் நகர் கடலில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஃபேனாக இருக்கும் என்று நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. திரும்பினால் காலி நாற்காலி. பயந்துதான் போனேன். கொஞ்ச நாளில் அது நின்றுவிட்டது. அது அதைவிடப் பயமாக இருந்தது.

போன வாரம் எனக்கே கேப் போட வேண்டியதாயிற்று. கிழக்குத் தாம்பரத்தில் அதே டாக்டர், அதே நாற்காலி. நீலத் தாளை வைத்தார். கடித்தேன். தாளை எடுத்துவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னார்.

டக்.

“கொஞ்சம் ஹையா தெரியுதேம்மா. இடிக்குதா? சொல்லுங்க, குறைச்சிடலாம்.”

நன்றாகவே இடித்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான்.

“இல்ல டாக்டர், சரியா இருக்கு,” என்று சொல்லி, அவர் இன்னொரு தாளை எடுப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

ஆட்டோவில் வழியெல்லாம் வாயை மூடி மூடித் திறந்துகொண்டே வந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னாம்மா, பல்லு நோவுதா?”

“பழகிடும்பா,” என்றேன்.