கடைக்காரர் உட்கார்ந்த மெத்தை

லாரி ஓட்டுநர் இருக்கையில் போட்டுக்கொள்ளும் தேங்காய்நார் மெத்தைகளைத் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். உறைக்கு வெண்ணந்தூர்த் தறித்துணி. முதல் மெத்தை, லாரி ஓட்டும் என் கணவரின் இடுப்பு வலிக்காகத் தைத்தது. வலி குறைந்தது, அவர் வாய் குறையவில்லை. "ஏம் புள்ள, படத்தப் பாத்து எவன் மெத்த வாங்குவான்? தீபாவளிக்குள்ள ஓடலீன்னா மிஷின வித்துப்போட்டு மறுக்கா மில்லுக்கே போயிரு" என்றார். ஆர்டர் வருவது அபூர்வம்தான். ஆனாலும் மில்லுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார்கள் என்றால், உட்கார ஓர் இடம் வேண்டும். நாமக்கல் புறவழிச்சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவரிடம் பேசினேன். ஒரு மெத்தையை மட்டும் கட்டுப் பிரித்துப் பார்வைக்கு வைப்பது, மற்றவற்றை விற்பது, விற்றதில் அவருக்குப் பங்கு. "வெச்சுட்டுப் போங்க அம்மிணி" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதன்பிறகு ஆன்லைனில் ஆர்டர் ஏறத் தொடங்கியது. நான் புதிதாக எடுத்துப் போட்ட படங்கள்தான் காரணம் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். கடையிலோ ஒன்றுகூட விற்கவில்லை. விற்காத கடை எதற்கு? சரக்கைத் திருப்பி எடுத்துவர ஒருநாள் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், மெத்தைகள் பிரிக்காமல் பரண்மேல் தூசி படிந்து கிடந்தன. பார்வைக்கு வைத்த மெத்தையின்மேல் கடைக்காரரே உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல கனம். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! நான் வாயைத் திறப்பதற்குள், பல்பு வாங்க வந்த ஓட்டுநர் ஒருவர் அந்த மெத்தையைப் பற்றி விசாரித்தார்.

கடைக்காரர் எழுந்து நின்றார். "உக்காந்து பாருங்க. ஆடியிலிருந்து நானே உக்காந்துட்டிருக்கறன். அமுங்கியிருக்குதான்னு பாருங்க."

ஓட்டுநர் உட்கார்ந்து, அசைந்து பார்த்தார். "ஒண்ணு குடுங்கண்ணா."

"மேல கெடக்குதுங்க, ஏணி போட்டுத்தான் எடுக்கோணும். மெத்தையில பேரு போட்டிருக்குது, பாத்து போன்லயே போட்ருங்க, ஊட்டுக்கே வந்துரும்."

சற்று நேரத்தில் என் போன் ஒலித்தது. ஆர்டர்.

இத்தனை நாள் ஆர்டர்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. ஓட்டுநர் போனதும், இனி ஆன்லைன் விற்பனையிலும் பங்கு தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"எவ்வளவுங்க அம்மிணி?" என்றார் உடனே. நான் சொன்னது கட்டுப்படியாகாது என்றார். அவர் கேட்டது அநியாயம் என்றேன். வரவழைத்த டீ ஆறிப்போனது, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றுமில்லாத தொழிலுக்கு யாராவது இப்படி மல்லுக்கட்டுவார்களா? மிஷின் வீட்டிலேயே இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.