தறியை நிறுத்தியவர்

போன மாதம் அந்தத் தறிக்கூட முதலாளி இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. ராஜபாளையம் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற பிள்ளைகள் ஆளாளுக்கு அவர் படத்தைப் போட்டு, எங்களுக்கு இடம் கொடுத்த மகராசன் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இப்படி எழுதச் சொல்லி யாராவது ஏற்பாடு செய்திருப்பார்களோ என்பதுதான். என்ன செய்ய, வளர்ப்பு அப்படி. பால்காரர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டால் அந்தப் பாலை முகர்ந்து பார்க்கிற வீடு எங்கள் வீடு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாத்தாவின் இரும்புக் கடையில் உட்காரப் பிடிக்காமல், அம்மாவின் தம்பி, என் மாமா, கிட்டாரோடு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து பாடுவார்கள். சினிமாப் பாட்டெல்லாம் கிடையாது, அவர்களே எழுதியதுதான். அதனால் கல்யாண வீட்டிலும் கூப்பிடவில்லை, கோயில் பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. ஆடி முடிவதற்குள் ஒரு பாட்டையாவது உருப்படியாகப் பதிவுசெய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் கிட்டாரை விற்றுவிட்டுக் கடைக்கு வர வேண்டும் என்பது தாத்தாவின் உத்தரவு.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து வாய்த்தார். சேத்தூர் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தவர். டீக்கடையில் மாமா பாடியதைக் கேட்டுவிட்டு, "நம்ம நூல் ரூம் இருக்கு, சனிக்கிழமை வந்து பாடுங்கப்பா" என்றாராம். நூல் மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி இருக்காதாம். மதுரையில் யாரிடமோ சொல்லி மைக்கும் இரவல் வாங்கித் தந்தார். மதியச் சாப்பாடும் போட்டார்.

சாப்பாடு என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, ஒண்ணும் கேக்காமலா சோறு போடுதாரு? கிட்னிய எடுத்துறப் போறாருலே."

"கிட்னிய வச்சு பேண்டேஜா நெய்யப் போறாரு? சும்மா இரு அக்கா."

கிட்னி இல்லை என்றானதும், கல்யாணமாகாத மகள் இருப்பாள் என்றாள். விசாரித்ததில் மகளுக்குக் கோயம்புத்தூரில் இரண்டு பிள்ளைகள். அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும், "அதானே பாத்தேன்" என்றாள். ஆனால் மாமா வீட்டுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்கூடக் கொண்டுவரவில்லை. அது அம்மாவின் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. கடைசியில், பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி என்னை மாமாவோடு அனுப்பினாள். "ஏட்டி, கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு இரு. என்ன நடக்கோ அம்புட்டையும் வந்து சொல்லணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு சனிக்கிழமை போனேன். நூல் ரூமில் மாமாவும் சிநேகிதர்களும் தயாரானதும் முதலாளி தறி ஸ்விட்சை அணைப்பார். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த பத்துத் தறியும் நின்றுவிடும். ஆட்களைத் தோப்புக்கு அனுப்பிவிடுவார். நாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கட்டுவார். இரும்பு கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்பார், யாராவது வந்தால் வாயில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் நூல் ரூம் படியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தேன்.

மொத்தமாகச் சொல்லலாம் என்று சேர்த்து வைத்திருந்து, நான்காம் வாரம் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் ஓடுகிற தறி நடுப்பகலில் நிற்கிறதென்றால் கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் சாவு விழுந்திருக்க வேண்டும்.

"கரண்டு இருக்கையில தறிய நிப்பாட்டுதாரா? ஆளுகளையும் வெளிய அனுப்பிட்டு?"

"தறிச் சத்தம் ரெக்கார்டுல விழும்ல அக்கா, அதுக்குத்தான்."

"ஒம் பாட்டுக்காக எவனாச்சும் ஓடுற தறிய நிப்பாட்டுவானாலே?"

அம்மா தாத்தாவுக்குப் போன் போட்டாள்.

அடுத்தது ஆடியின் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குப் பாட்டை முழுதாக எடுத்து முடித்துவிட்டு, சாயங்காலம் மைக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாட்டு பாதி போயிருக்கும். தாத்தாவும் அம்மாவும் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வந்து இறங்கி, கேட்டைப் போட்டு உலுக்கினார்கள். முதலாளி ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செத்த நேரம் பொறுங்க. சத்தம் மட்டும் போடாதிய" என்று குசுகுசுத்தார்.

சத்தம் போடாதே என்று கெஞ்சுகிற ஆளை எங்கள் குடும்பத்தில் யார் நம்புவார்கள்? "என்னத்தய்யா உள்ள மறைச்சு வச்சிருக்கீரு?" என்று தாத்தா போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது, தோப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். உள்ளே பாட்டு நின்றுபோனது.

தாத்தா நூல் ரூமுக்குள் புகுந்து மூட்டை மூட்டையாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றதும் அவருக்குக் கோபம் இரட்டிப்பானது. மாமா பின்னாலேயே போய், "அப்பா, இன்னொரு தடவ பாடிக்கிடுதேன், அஞ்சே நிமிசம்" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குக் கோபமே வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நாஞ்சொன்னா நம்ப மாட்டிய. இந்தப் புள்ள அஞ்சு வாரமா இங்கனதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கு. நீயே சொல்லு தாயி, மாமா பாட்டு எப்படி இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். ஓகோ, முதலாளி என்னைத் தன் கட்சிக்கு இழுக்கப் பார்க்கிறாரா? நான் என்ன லேசுப்பட்ட ஆளா?

"நான் பாட்டே கேக்கல. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. தாத்தா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மா பெருமையாக முதலாளியைப் பார்த்தாள். அவர் தறி ஸ்விட்சைப் போடப் போனார். மாமா அதற்குமேல் கெஞ்சவில்லை, கிட்டாரை உறைக்குள் போட்டு மூடினார். அந்த நூல் ரூமில் பிறகு எத்தனையோ பேர் பாடிப் பதிவுசெய்த பாட்டுகளை ஊரே கேட்டது. மாமாவின் பாட்டு எங்கேயும் இல்லை, அதில் ஒரு வரிகூட எனக்கும் தெரியாது.

மாமாவை அன்றைக்கே தாத்தாவின் கடையில் கொண்டுபோய் விட எல்லோருமாகக் கிளம்பினோம். குட்டியானையின் பின்பக்கம் மாமாவை ஒட்டி உட்காரப் போனேன். அவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். சரியாகத்தானே சொன்னேன், இவருக்கு எதற்கு இப்படி முகம் வாடிப்போயிருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.