முப்பத்தொன்றுக்கு இழுத்த பதிவு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். செத்துப்போன என் அண்ணன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சும்மா. எனக்கு நடந்தது பட்டப்பகலில், பதினாறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபீஸில்.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வளைகுடாவில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இன்னொரு நாட்டில் ஒரு கிளை. அங்கே கடிகாரம் எங்களைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடும். எங்களுக்கு மாலை நான்கு என்றால் அங்கே நள்ளிரவு, தேதி மாறிவிடும். மாதக் கடைசியில் இது பெரிய தலைவலி. நான்கு மணிக்கு மேல் அங்கிருந்து வரும் பதிவுகளுக்கு சாஃப்ட்வேர் ஒன்றாம் தேதியைப் போட்டுவிடும். நான் அவற்றை முப்பத்தொன்றுக்கு இழுத்துவிட்டு மாதக் கணக்கை மூடுவேன். பட்டியலில் நாளும் மாதமும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

அந்தக் கிளையின் குடோனில்தான் அண்ணன் இரவு ஷிஃப்ட் பார்த்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது. ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தவனில்லை.

அன்று முப்பத்தொன்றாம் தேதி. சரியாக 4:03க்கு அவனிடமிருந்து போன்.

"வாண்டு, இங்க நாளைக்கு வந்தாச்சு."

"எப்படிண்ணா இருக்கு நாளைக்கு?"

"ஒண்ணும் பயமில்ல. தைரியமா வா."

எப்போதும் அடிக்கிற ஜோக்தான். எனக்கே முப்பத்திரண்டு ஆகிறது. உலகத்தில் என்னை இன்னும் வாண்டு என்று கூப்பிடுவது அவன் ஒருவன்தான். சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

4:08. பட்டியலில் நான்கு பதிவுகள். இழுத்தேன். ஐந்தாவது ஒன்று என் கண்ணெதிரே வந்து விழுந்தது. பதிவு செய்தவர் பெயர் இல்லை. எந்த நாட்டு நேரம் என்று காட்டும் இடத்தில் வெறும் கோடு. தேதி, ஒன்றாம் தேதி. விவரம்... 'ஊழியர் இறுதிச் சடங்கு உதவித்தொகை'.

யாரோ, பாவம் என்று நினைத்தேன். திறந்தால் பெயர் தெரியும். திறக்க ஒரு நிமிடம் ஆகும்.

"முடிஞ்சுதா, இல்லையா?" மேனேஜர் கத்தினார்.

"இதோ சார்."

'தேதியை மாற்றவா?' என்று திரை கேட்டது. ஆம்.

மறுபடியும் கேட்டது. வழக்கமாக ஒரு தடவைதான் கேட்கும்...

ஆம்.

மூன்றாவது தடவை.

ஏசி சத்தம் நின்றிருந்தது. பதினாறு கீபோர்டுகளின் சத்தமும்.

என் காதருகே மூச்சு...

இருமல்.

ஒரு கிழவரின் குரல்.

"வாண்டு... வேண்டாம்..."

திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

முடித்துவிட்டு எழுந்து ஓட வேண்டும். அது மட்டும்தான் தோன்றியது.

அழுத்தினேன்.

4:11.

4:40க்குக் கிளையிலிருந்து போன் வந்தது. குடோனில் அண்ணன் தூங்குவதுபோல் கிடந்தானாம். எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். டாக்டர் சான்றிதழில் எழுதிய நேரம், முப்பத்தொன்றாம் தேதி இரவு 11:40. எங்கள் கடிகாரத்தில் அது மாலை 3:40. அப்படியென்றால் 4:03க்கு என்னோடு பேசியது யார்? அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட எப்படியாவது தாங்கியிருப்பேன். மூன்று வாரம் கழித்து ஆடிட்டர் வந்தார்.

"உங்க அண்ணன் பதிவுல ஒரு சின்ன சந்தேகம்மா."

அந்த ஐந்தாவது பதிவின் வரலாற்றைத் திறந்து காட்டினார். அதில் முழுத் தேதியும் தெரியும். ஊழியர் பெயர், அண்ணனுடையது. மாற்றியவர், நான். மாற்றிய நேரம், 4:11. பழைய தேதி, ஒன்றாம் தேதிதான்.

"வருஷத்தைப் பாருங்க. யாரோ தப்பா அடிச்சிருக்காங்க."

பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் தள்ளி இருந்தது.

அண்ணனுக்கு அப்போது எழுபத்துநான்கு வயது ஆகியிருக்கும்.