கலிங்கை மறித்து நின்றவள்

மழைக்காலம் வந்தால் வெற்றிச்செல்விக்குச் சோறு இறங்காது. பயந்தாங்கொள்ளி என்று ஊரில் கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை.

குன்னம் பக்கம் இருக்கிறது எங்கள் மேலேரி. அது நிரம்பிவிட்டால், கரையில் தாழ்வாகக் கட்டிய கலிங்கு வழியாக வழியும் தண்ணீர் அரியலூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கீழேரிக்குப் போகும். செல்வி பிறந்தது கீழேரியில், வாழ்க்கைப்பட்டது மேலேரியில். இரண்டு ஊர்களும் சேர்ந்து சங்கம் வைத்து, வாய்க்காலைத் தூர் வாரி, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியபோது இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவள் தம்பி தமிழழகனும் முன்னால் நின்றார்கள். சங்கத்தில் சத்தியம் ஒன்றே ஒன்றுதான். எந்த ஊரும் கலிங்கை உயர்த்தக் கூடாது.

அந்தச் சத்தியத்தை ஏரி நிரம்பும் வரைதான் காப்பாற்றினோம். வருஷக்கணக்கில் வெடித்துக் கிடந்த ஏரி தளும்பி, அந்தத் தண்ணீர் அடுத்த மாவட்டத்துக்கு ஓடுவதைப் பார்த்ததும் எங்களுக்கு வயிறு எரிந்தது. மணல் மூட்டைகளை அடுக்கிக் கலிங்கை மறித்தோம். முதல் மூட்டையைத் தூக்கி வைத்தவர் செல்வியின் கணவர் செல்லமுத்து.

“வேணாங்க, கரை தாங்காது. எடுத்துடுங்க” என்று கெஞ்சினாள்.

“பொறந்த வூட்டுக்குத் தண்ணி வேணும்னா நேராவே கேளேம்மா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு நாள் காலை, கரையின் அடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தோம். தெளிவாகக் கசிந்தால் கவலையில்லை. சேறாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். சேறாகத்தான் வந்தது. கரைக்குக் கீழே கிழக்குத் தெரு. ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். செல்வியின் மகள் சிவரஞ்சனி மட்டும், படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தாவை விட்டு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தாள். அவரைத் தூக்கிப்போக டிராக்டர் வரவேண்டும்.

மூட்டைகளைப் பிடுங்கி எறியக் கலிங்குக்கு ஓடினோம். அங்கே செல்வி ஏற்கெனவே தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

“மூட்டைய எடுக்கப் போறோம் தம்பி. தண்ணி மொத்தமா வரும். உங்க கலிங்கு சரியா இருக்குல்ல?”

மறுபடி கேட்டாள்.

“அக்கா… நாங்களும் மூட்டை அடுக்கியிருக்கோம்” என்றான். “இங்கயும் தண்ணி கரையத் தொட்டுக்கிட்டு நிக்குது. இப்ப தொறந்துட்டா ஊரே போயிடும். ஆளுங்களோட ஓடுறேன். நாங்க எடுத்து முடிக்கிற வரைக்கும் தொறந்துடாதீங்க. அம்மா கரைக்குக் கீழதான் இருக்கு.”

எங்களுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. மூட்டையில் கை வைத்தோம். நேற்றுவரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவள், மூட்டைகளின் மேல் ஏறிக் கையை விரித்து நின்றுகொண்டாள்.

“அவங்க எடுக்கட்டும். அப்புறம் எடுப்போம்.”

“பொறந்த ஊருக்காக எங்கள சாகடிக்கிறியா?” என்று யாரோ கத்தினார்கள்.

செல்லமுத்து கும்பிட்டார். “கீழ நம்ம புள்ள இருக்குடி.”

“தெரியும்ங்க.” பல் தந்தி அடித்தது. “அங்கயும் புள்ளைங்க இருக்குங்க.”

ஒரு தள்ளு தள்ளியிருந்தால் விழுந்திருப்பாள். எங்களால் முடியவில்லை. மூட்டை வைத்த கைகள் எங்களுடையவை. மழையில் நனைந்துகொண்டு, அவள் கையிலிருந்த அந்தப் போனையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கரையில் மாட்டு வண்டி அளவுக்கு மண் சரிந்து விழுந்தது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. டிராக்டர் இன்னும் வரவில்லை என்று கீழேயிருந்து கத்தினார்கள். அப்போதும் நகரவில்லை.

போன் அடித்தது. “எடுத்தாச்சுக்கா!”

முதல் மூட்டையை அவள்தான் பிடுங்கினாள். ஏதோ பேய் பிடித்தவள் மாதிரி, நகம் பிய்ந்து ரத்தம் வர வர இழுத்தாள். நாங்களும் பாய்ந்தோம். தண்ணீர் பாய்ந்து ஓடியது. இரண்டு கரைகளும் நின்றன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சிவரஞ்சனி கேட்டாளாம். செல்லமுத்து என்னிடம் சொன்னது இது.

“மாமாகிட்டேருந்து போன் வராமலே இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?”

செல்வி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாளாம்.

இப்போதும் வானம் கறுத்தால் கலிங்கைப் போய்ப் பார்க்கிறாள். தம்பியிடம் அவன் ஊர்க் கலிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். இரண்டு ஊரிலும் இனி எவனும் மூட்டை வைக்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும். மகள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. கேட்டுவிடுவாளோ என்றுதான் செல்வி மழைக்குப் பயப்படுகிறாள்.