திரை எரியாத அரை நாள்

என் கணவரின் பைக்கில் ஜிபிஎஸ் மாட்டியது நான்தான். மோட்டார் காயில் கட்டும் கடையில் பதினேழு வருஷம் உழைத்த கை இது. அவரிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் பைக் உருப்படாது.

லடாக் போவது எங்கள் இருவரின் வெகுநாள் ஆசை. அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வேன். போன வருஷம் என் முதுகில் டிஸ்க் விலகியது. இனி பைக்கில் தூரம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப நானும் போகல" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். என்னால் அவர் ஆசை கெடுவதா? வழி சொல்ல இது இருக்கட்டும் என்று ஜிபிஎஸ்ஸை வாங்கி வந்தேன்.

வேங்கிக்கால் வீட்டு வாசலில், இடுப்பில் பெல்ட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரில் கிளாம்ப் பொருத்தி, டேங்க்குக்கு அடியில் ஒயரை ஓட்டி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி ரிலே கொடுத்தேன். புதுசாக எது வந்தாலும் பூஜை போடுவதுதானே! ஜிபிஎஸ் பெட்டிக்கு நாலு பக்கமும் தாராளமாகச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, நாங்கள் சாமியாகக் கும்பிடும் எதிர் மலையைப் பார்த்துச் சூடம் காட்டினேன். பிறகு கிளாம்ப்பில் உட்காரவைத்து ஒயரைச் சொருகினேன்.

சாவியைத் திருப்பினால் திரை எரியவில்லை.

சீட்டைக் கழற்றினேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ரிலேவையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கரண்ட் வருகிறதா என்று பார்த்தால் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது, இந்தச் சனியன் மட்டும் எரியவில்லை. அவர் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார்.

"ஜாஸ்தி குனியாத. வுடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

மதியத்துக்கு மேல்தான் பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஒயர் சொருகும் ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். நீ வைக்கிறப்பவே பாத்தேன்."

"அடப்பாவி மனுஷா! ஏங்க சொல்லல?"

"இது எரியலன்னா போக வேணாம்ல. நீ இல்லாம அவ்ளோ தூரத்துல எனக்கு இன்னா வேலை?"

அந்த அரை நாளும் எனக்குள்ளேயும் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, இவர் போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று. அதைச் சொல்லியிருந்தால் அவர் நிச்சயம் போயிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து வந்து, அந்த ஓட்டையை நானே தேய்க்க ஆரம்பித்தேன்.