மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்தினார்கள். சாத்தியது யாரோ எவரோ இல்லை. நான் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த சாரணர் பிள்ளைகள்.

"சார், இது அணித் தலைவருங்க கூட்டம். கூப்பிட்டாதான் பெரியவங்க வரணும்," என்றாள் குழுத் தலைவி. ஐந்தாம் படிவம் படிக்கிற பதினேழு வயதுப் பெண். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

விதி என்னவோ நான் கொண்டுவந்ததுதான். சாரணர் பொறுப்பாளர்களுக்கு நடந்த பயிற்சியில், பிள்ளைகளே திட்டம் போடட்டும், பிள்ளைகளே நடத்தட்டும், பெரியவர்கள் ஓரமாக நிற்கட்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். நானும் பலமாகத் தலையாட்டிவிட்டு வந்து, இந்த வருட முகாமை நீங்களே நடத்துங்கள் என்று பள்ளித் திடலான பாடாங்கில் எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று யார் கண்டது?

ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனை வேலை. பார்க்க நன்றாக இருக்கிற கையுறையிலும் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்று நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைச் சாரணர் வகுப்பும் வருடாந்தர முகாமும்தான் எனக்கென்று இருப்பவை. அந்த முகாம் நான் இல்லாமலே நடந்துவிட்டால், பிறகு நான் எதற்கு? மூடிய கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருவன் திடீரென்று வானத்தைப் பார்ப்பான், இன்னொருத்தி சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவாள். ஒரு நாள் என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்: "ஏங்க, உங்க பசங்கள்ல ஒருத்தன் போன் பண்ணி, சாருக்கு இனிப்புநீர் இருக்கா ஆன்ட்டின்னு கேட்டான். என்னாவாம்?"

"எனக்குச் சக்கர வியாதி இருக்கா இல்லையான்னு இவனுங்களுக்கு எதுக்கு?"

"பாசமா கேட்டிருப்பான்லா. உங்களுக்கு எதப் பாத்தாலும் ஓட்டைதான்."

பாசமாம்! அந்த வயதில் பாசத்துக்காக யார் போன் போடுகிறார்கள்? என் மண்டையில் வேறொன்று ஓடியது. முகாம் நடக்கிற இடம் ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களமும், அதற்கு மேலே மேட்டில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயிலும்தான் மிச்சம். தோட்டத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஓர் ஈயக்குட்டை இருக்கிறது. பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும். அடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் குட்டையில் குதிக்கத் திட்டம் போடுகிறார்கள், அதனால்தான் என்னை ஒதுக்குகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

முகாமுக்கு முந்தின வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். குட்டைப் பக்கம் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் களத்துக்கு மேலே, கோயில் மேட்டில் நின்று, கூடாரம் வரும் இடங்களில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். பேசாமல் திரும்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே!

"ஏன் மேட்டுல போடுறீங்க? வழக்கமா கீழ, களத்துலதான போடுவோம்?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு ஒருவன் மெதுவாகக் குச்சியைப் பிடுங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பிடுங்கினார்கள். குழுத் தலைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இவள் மனதில் ஏதோ இருக்கிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

முகாம் நாளன்று பையைக் கட்டிக் காரில் வைத்துக்கொண்டு மத்தியானமே போய்ச் சேர்ந்தேன். களத்தில் சின்னப் பந்தல். வாழைமரம் வேறு. பந்தலுக்கு நடுவே ஒரே ஒரு மெத்தை நாற்காலி. கூடாரம் ஒன்றுகூட இல்லை.

"கூடாரம் எங்க?"

"திறப்பு விழா முடிஞ்சதும் போடுவோம் சார். வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய கனமான மாலை ஒன்று கழுத்தில் விழுந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பையன், "நமது சிறப்பு விருந்தினர் அவர்கள்" என்று ஆரம்பித்து என்னைப் புகழ்ந்து தள்ளினான். பழக்கூடை கொடுத்தார்கள். அதில் மாம்பழம் இல்லை, கொய்யாதான். இனிப்புநீர் விசாரணை இதற்காகத்தானா! சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பையன் அடுத்ததைச் சொன்னான்: "நமது சிறப்பு விருந்தினர் இப்போது நம்மிடமிருந்து விடைபெறுகிறார். அனைவரும் எழுந்து நின்று வழியனுப்புவோம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைதட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பழைய தலைவர் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தால் அவரோடு யாரும் சண்டை போடமாட்டார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்காரவைத்து, 'ஆலோசகர்' என்று அறிவித்துவிடுவார்கள். அதோடு மனிதருக்குப் பேச வழியில்லை. அப்படி இரண்டொருவரை உட்காரவைத்ததை நானே பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். குழுத் தலைவியின் அப்பா அந்தக் கோயிலின் செயலாளர். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், மாலையைச் சந்தேகப்படாமல் கழுத்தை நீட்டிவிட்டேன்.

காருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன். "என்னை வெரட்டுறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்." அவள் தலை குனியவில்லை. "டீச்சருங்க ரெண்டு பேர் ராத்திரி எங்களோட தங்குறாங்க. அவங்க கேட்டாதான் பேசுவாங்க. நீங்க நின்னா நாங்க கூடாரக் கயித்த பாக்க மாட்டோம் சார். உங்க மொகத்ததான் பாப்போம். அன்னிக்கு நல்ல இடத்துலதான் குச்சி நட்டோம். நீங்க ஒரு வார்த்த கேட்டீங்க, எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க."

கட்டிய பையை அவிழ்க்காமலே காரை எடுத்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. தோட்டம் முடிகிற சந்தியில், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடை ஒன்று இருக்கிறது. மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் ஒன்று சொல்லி உட்கார்ந்தேன். எப்படியும் கூப்பிடுவார்கள், அடுப்பு எரியவில்லை, கயிறு போதவில்லை என்று ஏதாவது வரும், ஓடிப்போய் நிற்கலாம் என்பது என் கணக்கு. பொழுது சாய மழை பிடித்தது. ஈப்போ மழை. கடையின் தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்து மேசையில் பேசுவது கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது கூப்பிடத்தானே வேண்டும்?

மழை கொஞ்சம் விட்டதும் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சார், வீடு போய்ச் சேந்துட்டீங்களா?" என்றாள் குழுத் தலைவி.

"ஆங், சேந்துட்டேன்லா. அங்க என்ன ஆச்சு? நான் வாரேன்."

"ஒண்ணும் ஆகல சார். களம் பூரா தண்ணி. நாங்க மேட்டுல போட்டோம், காஞ்சுதான் இருக்கு." உடனே அவள் குரல் மாறியது. "சார், ரொட்டி தட்டுற சத்தம் கேக்குது."

போனைக் கையால் பொத்தினேன். ரொட்டி போடுகிறவர் நேரம் பார்த்து இன்னும் பலமாக மாவை அடித்தார்.

"சந்திக் கடையிலதான இருக்கீங்க? முகாம விட்டு யாரு கெளம்பினாலும், வீடு சேந்த தகவல் வர்ற வரைக்கும் சாப்பாட்டுல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க? இங்க எல்லாரும் தட்ட வச்சிக்கிட்டு உக்காந்துருக்காங்க."

"சரி, சரி. போறேன். போனதும் கூப்பிடுறேன்."

"நீங்க சொன்னா நம்ப மாட்டோம் சார். ஆன்ட்டிய பேச சொல்லுங்க."

காசைக் கொடுத்துவிட்டு மாலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. வாசலில் என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்த மனைவியிடம், எண்ணை அழுத்திப் போனைக் கொடுத்தேன். மறுமுனையில் குழுத் தலைவி சொன்னதை அவள் கேட்டாள், என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டாரும்மா," என்றாள். "என் கண்ணு முன்னாலதான் நிக்கிறாரு. நீங்க சாப்பிடுங்க."