ஜவ்பரின் உலையில்லாக் கத்தி

பரீதா தன் கணவர் ஜவ்பரைப் பற்றி இறைவனிடம் முறைப்பாடு வைத்ததில்லை. முறைப்பாடுகளை அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவது அவளுடைய வழக்கம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் வரும் அந்தத் துல்ஹஜ் மாதத்துத் தலைப்பிறை கண்ட மறுநாள் காலை, தோளில் ஒரு நீட்டு இரும்புப் பட்டையுடன் அவர் குசினி வாசலில் வந்து நின்றபோது, இது தன் அதிகாரத்துக்கு மேற்பட்ட வழக்கு என்று அவளுக்குப் பட்டது.

“இது என்னத்துக்கு?”

“கத்தி.”

“இதுவா?”

“இப்ப இல்ல புள்ள. இனித்தான் ஆகும்.”

ஜவ்பர் திருகோணமலைத் துறைமுகத்துக் களஞ்சியமொன்றில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு வந்தால் எண்ணி வைப்பார். கேட்டு வருகிறவர்களுக்கு எண்ணிக் கொடுப்பார். அந்த இரும்பை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க அவருக்கு ஒருநாளும் நேரம் வாய்க்கவில்லை. ஆனாலும் இத்தனை காலம் இரும்போடு பழகியவனுக்கு இரும்பின் குணம் தெரியாதா என்பது அவருடைய வாதம். அப்படிப் பார்த்தால் வங்கிக் காசாளர் எல்லாரும் பணக்காரராக அல்லவா இருக்கவேண்டும் என்று பரீதா ஒருமுறை கேட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் தங்கள் ஊரான கிண்ணியா மக்களுக்காகச் செய்த தொண்டுகள் பல. பழைய உடுப்புத் தோய்க்கும் மெசினின் மோட்டாரைக் கொண்டு தேங்காய் துருவும் இயந்திரம் செய்தார்; தேங்காய்ப் பூவைக் கூரையிலிருந்து வழித்தெடுக்க வேண்டியிருந்தது. கோழிக்கூட்டுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் கதவு செய்தார். அது கீரி உள்ளே போன பிறகு பூட்டிக்கொண்டது. இவற்றையெல்லாம் பரீதா பொறுத்தாள். இந்தக் கத்தியைப் பொறுக்க ஏலாமல் போனதற்குக் காரணம் ஒரு கிடாய்.

கிழக்கிலங்கையில் வீடு பெண்ணோடு வருவது. பரீதாவுக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டோடு அவளுடைய உம்மாவின் வெள்ளாட்டு வம்சமும் வந்தது. கணவர் அதற்குப் பிறகு வந்தார். அந்த வம்சத்தில் பிறந்த கறுப்புக் கிடாய் ஒன்றை ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் குர்பானுக்கு என்று மனதில் வைத்து, கஞ்சித்தண்ணியும் பூவரசம் குழையும் கொடுத்து அவள் வளர்த்திருந்தாள். பேர் வைத்தால் கொடுக்க மனம் வராது என்று பேர் வைக்கவில்லை. ஆனாலும் “டேய்” என்றால் எங்கே நின்றாலும் ஓடிவந்து அவளுடைய முந்தானையைச் சப்பும்.

கொடுக்கத்தான் போகிறாள், அதில் அவளுக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அது நோகாமல் போகவேண்டும். கத்தியைக் கூராக்கு, பிராணியை வதைக்காதே என்பது மார்க்கமும் சொன்னதுதான். ஆண்டுதோறும் வந்து அறுக்கும் லெப்பையின் கை அப்படிப்பட்டது. கத்தி கழுத்துக்குப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

“லெப்பைய வரவேணாமெண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் ஜவ்பர். “இந்தமுற நானே அறுக்கப் போறன். நானே செய்த கத்தியால.”

பரீதா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கையில் வைத்துக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

கத்தி செய்ய உலை வேண்டுமே என்றால், வேண்டாமாம். போனில் ஒரு வெள்ளைக்காரன் உலையே இல்லாமல் இரும்புப் பட்டையை அறுத்து, அரத்தால் ராவி, அருமையான கத்தி செய்து காட்டியிருந்தான். என்ன இரும்பை எடுக்கவேண்டும் என்பதையும் அவன் தொடக்கத்திலேயே கையில் தூக்கிக் காட்டி விளக்கியிருந்தான். அந்த நேரம் பார்த்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. ஜவ்பர் தொழுகையைப் பிற்படுத்துகிறவர் அல்ல. போனை நிறுத்தத் தெரிந்தவரும் அல்ல. அவர் தொழுதுவிட்டு வந்தபோது வெள்ளைக்காரன் அறுக்கத் தொடங்கியிருந்தான். ஆகவே ஜவ்பர், வாசல் கேற் அடிக்கிற கடையில் மிஞ்சிக் கிடந்த பட்டையை எடுத்துவந்தார். கேற் செய்ய அதைவிட நல்ல இரும்பு கிடையாது.

வேலை தொடங்கியது. மாப் பெட்டி அட்டையில் கத்தியின் வடிவத்தை வரைந்து வெட்டினார். வெட்டிய அட்டையைக் கிடாய் தின்றது. இரண்டாவது அட்டையை அலுமாரிக்குமேல் ஒளித்துவைத்தார். இரும்பறுக்கும் வாளால் கீய்ச் கீய்ச்சென்று அறுத்தார், பிறகு அரம். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு தொடங்கும் ராவல் இரவு இஷா வரைக்கும் நடந்தது. சோற்றில் இரும்புத்தூள், படுக்கையில் இரும்புத்தூள். பிடிக்கு முதிரை மரம்தான் சரி என்று வெள்ளைக்காரன் சொல்லியிருக்க நியாயமில்லை. ஆனாலும் பரீதாவின் சீதன முதிரைக் கதிரைக்கு அன்று மாலை ஒரு கால் குறைந்தது.

“அது ஆடுற கதிரதானே,” என்றார் ஜவ்பர்.

“இப்ப ஆடாது. விழும்.”

இந்த அறிவியல் முயற்சிக்குப் பார்வையாளரும் இருந்தார்கள். பரீதாவின் சாச்சா மகன் அலியார் சந்தியில் சலூன் வைத்திருக்கிறான். குர்பான் கொடுக்க நினைப்பவர்கள் தலைப்பிறையிலிருந்து பிராணி அறுபடும்வரை முடி வெட்டுவதில்லை, நகம் களைவதில்லை. ஆகவே அந்த நாட்களில் அலியாருக்குத் தொழில் இல்லை. தொழில் இல்லாதவனுக்குப் பொழுது போகவேண்டும். காலையில் ஜவ்பரின் முற்றத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவான்.

“மச்சான், இந்தக் கத்திக்குப் பல்லு வைக்கிற எண்ணமா, இல்ல தானா முளைக்கிதா?”

“அரத்திர அடையாளம். போகும்.”

“போகட்டும், போகட்டும். விட்டா சீப்பா வித்துப்போடலாம்.”

கத்தி ஒரு வடிவத்துக்கு வந்ததும் அதற்கு உரமேற்றும் சடங்கு நடந்தது. உலைதான் இல்லையே தவிர அடுப்பு இருந்தது. பரீதாவின் அடுப்பில் சிரட்டைக் கரியைக் குவித்து, தனிவீடு போன மகள் விட்டுச்சென்ற தலைமுடி காயவைக்கும் மெசினால் காற்றடித்தார். இரும்பு சிவந்தது. மெசின் உருகியது. காந்தம் ஒட்டாத பதத்தில் எடுக்கவேண்டும் என்று பிரிட்ஜ் கதவிலிருந்த காந்தக் கப்பலைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார், கப்பல் தணலில் மூழ்கியது. பிறகு சிவந்த கத்தியை, பெருநாள் பலகாரத்துக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த தேங்காயெண்ணெய்க்குள் சுர்ரென்று இறக்கினார். வீடு முழுக்க வடை சுட்ட மணம். வடைதான் இல்லை.

“இனி இது இரும்பில்ல புள்ள,” என்றார், கண்களில் புகையும் பெருமையுமாக. “உருக்கு.”

மறுநாள் பரீதா ஒரு தக்காளியை எடுத்து அந்தக் கத்தியை வைத்து அழுத்தினாள். தக்காளி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு நசிந்தது. வெட்டுப்படவில்லை.

“பழுத்த தக்காளி,” என்றார் ஜவ்பர்.

ஒரு காய்த் தக்காளியை எடுத்தாள். அது உருண்டு அடுப்புக்குக் கீழே போயிற்று.

“காய்.”

“கிடாய் பழமா, காயா? அத முதல்ல சொல்லுங்க.”

“தக்காளில பாக்கிறதில்ல புள்ள கூர. அந்த வெள்ளக்காரன் கைமயிரத்தான் வழிச்சுப் பாத்தான். மயிர் வழிஞ்சா கூர்.”

“அப்ப வழிச்சுக் காட்டுங்க.”

ஜவ்பருடைய முகத்தில் ஒரு பக்திக் களை வந்தது. மீசை உதட்டைத் தாண்டி வளர்ந்திருந்தது. நகங்களுக்குள் இரும்புத்தூள் கறுத்துக் கிடந்தது. “குர்பான் குடுக்கிறவன் முடி களையலாமா? பெருநாள் முடியட்டும். என்ர கை எங்க போகப்போகுது.”

“கிடாய் போயிருமே.”

“எல்லாத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் தீட்டுக்கல்லை எடுத்தார்.

பரீதா தன் கையைப் பார்த்தாள். அவளுடைய நகங்களும் வளர்ந்துதான் இருந்தன. மீன் கழுவும்போது ஒன்று பாதியில் முறிந்து துணியில் எல்லாம் மாட்டி இழுத்தது. அதையும் அவள் வெட்டாமல்தான் வைத்திருந்தாள். அதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இரும்பு ராவுகிற வீட்டில் நகத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

பெருநாளுக்கு முந்திய நாள் அறபா நோன்பு. அசர் தொழுகை முடிந்து ஜவ்பர் முற்றத்துக்கு வந்தபோது, பரீதா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று கால் கதிரையில் சமாளித்து உட்கார்ந்திருந்தாள். அலியார் பலகையில் இருந்தான். கிடாய் அவளுடைய முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

“இஞ்ச பாருங்க,” என்றாள். “இந்தக் கிடாய் ஆர்ர?”

“நம்மட.”

“நம்மட எண்டா?”

ஜவ்பர் அலியாரைப் பார்த்தார். அலியார் ஆகாயத்தைப் பார்த்தான்.

“உம்மாட ஆட்டுட குட்டி,” என்றார் ஜவ்பர் மெல்ல. “உன்ர.”

“குர்பான் ஆர் குடுக்கிற?”

“வீட்டுக்கு ஆகத்தானே…”

“பலன் வீட்டுக்கு. மனசுல வச்ச நிய்யத்து ஆர்ர? என்ர. முடிவெட்டாம, நகம் வெட்டாம இருக்கவேண்டியது ஆர்? நான். இந்தா.” முறிந்த நகத்தை நீட்டிக் காட்டினாள். “நீங்க இவ்வளவு நாளும் மீச வளத்தது சும்மா.”

ஜவ்பருடைய கை மீசைக்குப் போனது.

“மச்சான்,” என்றான் அலியார், ஆழ்ந்த துயரத்தோடு, “அப்ப நீங்க எனக்குக் கிடைக்கவேண்டிய ஒரு தல. வீணாப் போச்சே.”

“எனக்குத் தெரியாதே புள்ள,” என்றார் ஜவ்பர்.

“நீங்க கேட்டாத்தானே. லெப்பைய நிப்பாட்டக்குள்ள கேட்டீங்களா? கதிரக் கால வெட்டக்குள்ள கேட்டீங்களா? என்ர குர்பான அறுக்கிறதுக்கு ஆருக்குப் பொறுப்புக் குடுக்கிறதெண்டு நான்தான் சொல்லணும். உங்களுக்கே தாறன். இந்தாங்க கத்தி. உங்கட கைமயிர வழியுங்க. வழிஞ்சா நாளைக்கு நீங்க அறுங்க. நான் ஒரு கதையும் கதைக்கமாட்டன்.”

இதைவிட நீதியான தீர்ப்பை எந்தக் காதி நீதிமன்றத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஜவ்பர் கத்தியை வாங்கினார். இடது கைச் சட்டையை மடித்தார். நோன்பு வாயோடு பிஸ்மி சொன்னார். முன்னங்கையில் கத்தியை வைத்து இழுத்தார்.

மயிர் சாய்ந்து படுத்தது. கத்தி போனதும் எழுந்து நின்றது.

மறுபடி இழுத்தார். மறுபடி எழுந்து நின்றது, மரியாதை செய்வதுபோல. மூன்றாம் முறை அழுத்தி இழுத்ததில் தோல் சிவந்தது. ஒரு மயிர் வேரோடு பிடுங்குப்பட்டது. ஜவ்பர் பல்லைக் கடித்தார்.

“நோகுதா?” என்று கேட்டாள் பரீதா.

அவர் கிடாயைப் பார்த்தார். கிடாய் அவரைப் பார்த்தது. பிறகு அவர் கட்டியிருந்த சாரத்தின் தொங்கலைச் சப்ப வந்தது. அவர் குனிந்து அதன் கழுத்தைத் தடவினார். தடவிய கை அங்கேயே கொஞ்சநேரம் நின்றது.

“லெப்பை இந்நேரம் எல்லாருக்கும் சொல் குடுத்து முடிச்சிருப்பார்,” என்றார்.

“அதுக்குத்தான் நோன்பு திறக்கமுன்னம் கேட்டன். போங்க. நீங்கதான் வேணாமெண்ட, நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அலியாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனார். லெப்பையிடம் என்ன சொன்னார் என்பதை அலியார் அன்றிரவே ஊருக்கு அறிவித்துவிட்டான். “கத்தி தயார்தான் லெப்பை, கைதான் கொஞ்சம் சுகமில்ல” என்றாராம், சிவந்த கையைச் சாட்சிக்கு நீட்டி. லெப்பை நல்ல மனிதர். பெருநாள் தொழுகை முடிந்த கையோடு முதலில் அந்த வீட்டுக்கே வருவதாகச் சொன்னார்.

வந்தார். கிடாயைப் பிடித்தவர் ஜவ்பர். பரீதா குசினிக்குள் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இறைவன் பேர் சொல்லும் தக்பீர் கேட்டது. அதற்குப் பிறகு கத்தலோ உதறலோ எதுவும் கேட்கவில்லை. அவள் முந்தானையின் ஈரமான தொங்கலைப் பிழிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, முறிந்த நகத்தை வெட்டினாள்.

கத்தி இப்போது குசினியில் இருக்கிறது. அதனால் எதையும் வெட்ட ஏலாது. ஆனால் மீன் செதில் உரிக்க அதற்கு இணையில்லை. பாரை, விளமீன் எதுவானாலும் தோலில் ஒரு கீறல் விழாமல் செதில் பறக்கிறது. பரீதா அதை எடுத்துப் பாவிக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஜவ்பர், செதில் உரிப்பதற்கென்றே தான் பார்த்துப் பார்த்துச் செய்த கத்தி அது, அதற்குக் கூர் இருக்கவே கூடாது என்று விளக்குகிறார்.

கதிரைக்கு இன்னும் மூன்று கால்தான். நான்காவதை இரும்பில் செய்யலாம் என்று அவர் ஒரு நாள் வாயெடுத்தார். அகப்பை அந்நேரம் பரீதாவின் கையில்தான் இருந்தது. இந்தமுறை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.